கார்டு ஆண்டுக் கட்டணம்: கேட்டால்தானே கிடைக்கும்!

கிரெடிட் கார்டு ஆண்டுக் கட்டணத்தைப் பற்றி மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். யார் எந்த வங்கி என்பதை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். எல்லா வங்கியிலும் கதை ஏறத்தாழ ஒன்றுதான்.

இந்த மாத பில்லில் ஆண்டுக் கட்டணம் 2,500, ஜிஎஸ்டி 450, ஆக மொத்தம் 2,950 ரூபாய் ஏறியிருக்கிறது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டு "கார்டை மூடப்போகிறேன்" என்று மிரட்டினால் எடுத்துவிடுவார்கள் என்கிறார் பக்கத்து கம்பெனிக்காரர். நிஜமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பாதி நிஜம். கேட்டால் எடுக்கிறார்கள், நிறைய பேருக்கு எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் மிரட்டலுக்குப் பயந்து இல்லை, கணக்குப் பார்த்துத்தான். நீங்கள் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரரிடமிருந்து வங்கிக்கு ஒரு கமிஷன் போகிறது, இஎம்ஐ போட்டால் வட்டியும் பிராசஸிங் கட்டணமும் போகிறது. உங்களை விட்டுவிட்டு இன்னொருவரைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏஜென்டுக்குக் கமிஷன், வெல்கம் வவுச்சர், கார்டு அடிக்கிற செலவு, கூரியர் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் நன்றாகப் பயன்படுத்துகிற ஆளிடம் 2,500 ரூபாயை விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு நஷ்டமே இல்லை. போனில் பேசுகிறவருக்கு முன்னால் இருக்கிற திரையில் நீங்கள் போன வருடம் எவ்வளவு செலவு செய்தீர்கள், எத்தனை தடவை தாமதமாகக் கட்டினீர்கள் எல்லாம் தெரியும். உங்கள் பலம் அந்தத் திரையில் இருக்கிறது, குரலின் சத்தத்தில் இல்லை.

நேரம் முக்கியம். கட்டணம் எந்த மாதம் வரும் என்பது கார்டு வாங்கிய மாதத்தை வைத்தே தெரியும். அதற்கு முந்தைய மாதம் கேட்பது உத்தமம். வந்துவிட்டதென்றால் பில் வந்த வாரத்திலேயே பேசிவிடுங்கள், கடைசி தேதிக்கு முந்தின நாள் ராத்திரி ஐவிஆரில் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று மாட்டிக்கொள்ளாதீர்கள்.

என்ன பேசுவது? "இந்தக் கார்டில் வருடத்துக்கு இவ்வளவு செலவு செய்கிறேன், ஒரு தடவைகூட லேட் ஆனதில்லை, இதே மாதிரி கட்டணமே இல்லாத கார்டு வேறு வங்கியில் கிடைக்கிறது. இந்த வருடக் கட்டணத்தை ரிவர்ஸ் பண்ணித் தர முடியுமா?" அவ்வளவுதான். முதலில் எடுப்பவர் பெரும்பாலும் "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய சிஸ்டத்தில் நிஜமாகவே இருக்காது. அவரிடம் கத்திப் பிரயோஜனமில்லை, சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளை அது. "சரி, அப்படியென்றால் கார்டை மூடுவதற்கு ரெக்வெஸ்ட் போட வேண்டும், அந்தப் பிரிவுக்கு இணைப்புக் கொடுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அங்கேதான் வாடிக்கையாளரைத் தக்கவைப்பதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் கையில்தான் தள்ளுபடி, பாயின்ட், வேறு கார்டுக்கு மாற்றுவது எல்லாம் இருக்கும். ஜவுளிக்கடையில் வேண்டாமென்று படியிறங்கிய பிறகு ஒரு குரல் கூப்பிடுமே, அந்தக் குரல் இங்கேயும் உண்டு.

ஆனால் ஒன்று, படியிறங்கத் தயாராக இல்லாதவர் இறங்கக்கூடாது. "சரிங்க சார், மூடிடலாம், ஓடிபி வரும் சொல்லுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? சொல்வார்கள், சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கார்டில் ஃப்ரிட்ஜுக்கோ மொபைலுக்கோ இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால், மூடும்போது மிச்சத் தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், முன்கூட்டி முடிப்பதற்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். அந்த நிலைமையில் மூடுகிற பேச்சையே எடுக்காமல் தள்ளுபடி மட்டும் கேளுங்கள்.

ஒத்துக்கொண்டார்கள் என்றால் போனை வைப்பதற்கு முன் மூன்று கேள்வி: ஜிஎஸ்டியும் சேர்த்துத் திரும்புமா, எந்தத் தேதிக்குள், சர்வீஸ் ரெக்வெஸ்ட் நம்பர் என்ன? முதல் கேள்வியை மறக்காதீர்கள். 2,500 மட்டும் திரும்பி வந்து 450 அங்கேயே நின்றுவிட்டது என்று மட்டும் இந்தக் கட்டில் பல கடிதங்கள்.

வருடத்துக்கு ஒரு லட்சம் செலவு செய்தால் கட்டணம் இல்லை என்பது என் கார்டின் கண்டிஷன். நான் ஒரு லட்சத்து நாலாயிரம் செலவு செய்திருக்கிறேன், ஆனாலும் கட்டணம் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

அவசரப்படாதீர்கள், முதலில் எந்த வருடம் என்று பாருங்கள். நீங்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டியிருப்பீர்கள், அல்லது ஏப்ரல் முதல் மார்ச். வங்கி பார்ப்பது பெரும்பாலும் கார்டு கொடுத்த தேதியிலிருந்து அடுத்த வருடம் அதே தேதி வரை. ஆகஸ்ட் 17-ல் கொடுத்த கார்டென்றால் ஆகஸ்ட் 17-தான் கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு நாள் முன்னால் நகைக்கடையில் தேய்த்தது இரண்டு நாள் கழித்துக் கணக்கில் ஏறினால், அது எந்த வருடத்தில் விழும் என்பதிலேயே ஒரு சண்டை போடலாம்.

அடுத்தது, எதெல்லாம் செலவாக எண்ணப்படும் என்பது. பணமாக எடுத்தது, அபராதம், கட்டணம், வட்டி இவையெல்லாம் பொதுவாகச் சேராது. வாடகை, வாலெட்டில் போட்டது, பெட்ரோல் ஆகியவற்றைப் பல கார்டுகள் கழித்துவிடுகின்றன, எது கழியும் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பிய சேலையும் கழியும், அதை நாம் மறந்துவிடுவோம், அவர்கள் மறக்க மாட்டார்கள். உங்களுக்கு நாலாயிரம்தான் மேலே இருக்கிறது, ஒரு ரிட்டர்ன் போதும் கீழே இறங்க. பன்னிரண்டு ஸ்டேட்மென்டையும் இறக்கி வைத்துக்கொண்டு பேனாவால் அடித்துக் கூட்டுங்கள். சில வங்கிகளின் ஆப்பிலேயே "இன்னும் இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் இல்லை" என்று காட்டும், அதைப் பார்த்தால் வேலை மிச்சம்.

இன்னொன்று, இலக்கை எட்டியவர்களுக்கும் முதலில் கட்டணத்தை ஏற்றிவிட்டு, பிறகு ரிவர்ஸ் செய்கிற வழக்கம் உண்டு. அதனால் "ஏன் போட்டீர்கள்" என்று கேட்பதைவிட "எப்போது திரும்பும்" என்று ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கூட்டிப் பார்த்து இரண்டு மூன்றாயிரம் குறைந்தால்கூட, போன் செய்து "இவ்வளவுதான் குறைகிறது, கருணை காட்டுங்கள்" என்று கேட்கலாம், அந்த அளவு இடைவெளிக்கு விட்டுக்கொடுப்பது அவர்களுக்கும் எளிது. ஆனால் அடுத்த வருடம் இலக்கை எட்டுவதற்காகவே பொருள் வாங்காதீர்கள். எஸ்பிஐ சிம்ப்ளிகிளிக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு, ஒரு லட்சம் செலவு செய்தால் அது இல்லை. அந்த 588 ரூபாயை மிச்சம் பிடிக்க இருபதாயிரத்துக்கு மிக்ஸியும் மைக்ரோவேவும் வாங்குகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எப்படியும் கட்ட வேண்டிய ஸ்கூல் ஃபீஸ், கரண்ட் பில், இன்ஷூரன்ஸ் பிரீமியம் இவற்றைக் கொஞ்சம் முன்கூட்டி, அதுவும் அந்தக் கார்டு அவற்றை எண்ணுமென்றால், கட்டிவிடுங்கள்.

பில்லில் கட்டணத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கட்டினால் என்ன? தப்பு அவர்கள் மேல்தானே?
- ஒரு வாசகர், மதுரை

தப்பு யார் மேல் என்பது வேறு, வட்டி யார் தலையில் என்பது வேறு. பில்லில் இருக்கிற மொத்தத் தொகையில் கொஞ்சம் நின்றாலும் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய்விடும். மாதத்துக்கு மூன்றரை, மூன்றே முக்கால் சதவீதம் என்று ஓடுகிற வட்டி அது, வருடக் கணக்கில் நாற்பதைத் தாண்டும். கடைசி தேதி கழிந்து மூன்று நாளைத் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், அதுவும் நிலுவையில் நிற்கிற தொகைக்குத்தான் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த விதியைக் காட்டி வாதாடலாம், ஆனால் வாதாடுகிற நேரத்தில் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ஒரு தாமதம் பதிவாகிவிட்டால் அதை அழிப்பது பெரும்பாடு. முழுசாகக் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். கட்டணம் ரிவர்ஸ் ஆனால் அது உங்கள் கார்டில் வரவாக நிற்கும், அடுத்த பில்லில் கழியும். கோபத்தை போனில் காட்டுங்கள், பேமென்டில் காட்டாதீர்கள்.

மாலில் ஸ்டால் போட்டிருந்த பையன் "லைஃப்டைம் ஃப்ரீ" என்று சத்தியம் பண்ணித்தான் கையெழுத்து வாங்கினான். முதல் வருடம் முடிந்ததும் கட்டணம் வந்துவிட்டது. கேட்டால், "முதல் வருடம் மட்டும்தான் ஃப்ரீ" என்கிறார்கள்.
- ஒரு வாசகி, சேலம்

அந்தப் பையனுக்கு உங்கள் கையெழுத்தோடு வேலை முடிந்தது. அவன் வாயால் சொன்னதை யாரும் ஏற்க மாட்டார்கள், எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு பக்கத் தகவல் தாள் தர வேண்டும், வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகள் சொல்கின்றன. அந்தத் தாளோ, வரவேற்பு மெயிலோ, அந்தப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரியோ இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெயிலில் புகார் எழுதுங்கள். எதுவுமே இல்லையென்றால் "விற்கும்போது தவறாகச் சொன்னார்கள்" என்று புகார் பதிவு செய்துவிட்டு, கட்டணம் திரும்பாவிட்டால் மூடிவிடுகிறேன் என்று எழுதுங்கள். முதல் வருடப் புகார்களில் இறங்கி வருகிறார்கள் என்பதுதான் நான் கேள்விப்படுவது. மூடத் தயார் என்றால் இழப்பதற்கும் உங்களிடம் ஒன்றுமில்லை.

இதே சேலத்திலிருந்து இன்னொருவர், தான் கேட்காத கார்டு வீட்டுக்கு வந்து அதற்கும் கட்டணம் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். உங்களுக்கு வழி இன்னும் சுலபம். கேட்காமல் கார்டு கொடுப்பதே கூடாது. கொடுத்துக் கட்டணமும் போட்டால் அதைத் திருப்பித் தருவதோடு, அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்கிய கார்டாகவே இருந்தாலும், முப்பது நாளுக்குமேல் நீங்கள் ஆக்டிவேட் செய்யவில்லை என்றால் ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், சம்மதம் இல்லையென்றால் செலவில்லாமல் மூட வேண்டும். பரிதாபப்பட்டு ஆக்டிவேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

கட்டணத்தை எடுக்க முடியாது, பதிலாக 2,000 ரிவார்டு பாயின்ட் தருகிறோம், அல்லது 90 நாளில் 50,000 செலவு செய்தால் ரிவர்ஸ் செய்கிறோம் என்கிறார்கள். எது நல்லது?
- ஒரு வாசகர், கோவை

பாயின்டை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். பாயின்டுக்கு 25 காசு என்றால் 2,000 பாயின்ட் 500 ரூபாய். உங்கள் கட்டணம் 1,180 ஆக இருந்தால் பாதிகூட இல்லை. அதே பாயின்டை விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் ஒரு மதிப்பு, பில்லில் கழித்தால் வேறு மதிப்பு, பாயின்டுக்குத் தருகிற பொருள் பட்டியலில் கறிச்சட்டி வாங்கினால் அதைவிடக் குறைவு. மாதம் பதினேழாயிரத்துக்குக் குறையாமல் எப்படியும் இந்தக் கார்டில்தான் போகிறது என்றால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் 90 நாள் எந்தத் தேதியிலிருந்து, வாடகையும் வாலெட்டும் சேருமா என்பதை எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ வாங்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் போகாது என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்று கேளுங்கள்: கட்டணமில்லாத கார்டு எதற்காவது மாற்றித் தர முடியுமா? பெரும்பாலும் அவர்களாக வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

பெரிய கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணத்துக்குப் பதில் ஒவ்வொரு வருடமும் பாயின்ட் தருகிற கார்டுகள் உண்டு. எச்டிஎஃப்சி இன்ஃபினியாவுக்கு 12,500 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டணம், புதுப்பித்தால் 12,500 பாயின்ட். பாயின்டை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு இங்கே கட்டணத்தைக் கட்டுவதே கணக்குக்குச் சரியாக வரலாம். இந்த மாதிரிக் கார்டில் தள்ளுபடி கேட்கும் முன், தள்ளுபடி கிடைத்தால் பாயின்டும் போய்விடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடம் பழைய கார்டு. கட்டணம் எடுக்க மறுக்கிறார்கள். மூடினால் சிபில் ஸ்கோர் விழுமா? வீட்டுக் கடனுக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.
- ஒரு வாசகர், தாம்பரம்

வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை எதையும் மூடாதீர்கள். கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், ஆயிரம் ரூபாய்க்காக இந்த நேரத்தில் கணக்கைக் கலைக்க வேண்டாம். மூடினால் ஸ்கோர் தலைகீழாக விழுந்துவிடும் என்பதெல்லாம் மிகை, மூடிய கார்டின் நல்ல வரலாறு அறிக்கையில் உடனே அழிந்துவிடாது. ஆனால் உங்கள் மொத்த லிமிட் குறையும். இரண்டு கார்டு, தலா ஒன்றரை லட்சம், மாதம் அறுபதாயிரம் செலவு என்று வையுங்கள். இப்போது இருபது சதவீதம் பயன்படுத்துகிறீர்கள். ஒன்றை மூடினால் அதே செலவு நாற்பது சதவீதம். முப்பதைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். கடன் வந்த பிறகு, அதே வங்கியில் கட்டணமில்லாத கார்டுக்கு மாற்றக் கேளுங்கள். பழைய கணக்கிலேயே மாற்றித் தருகிறார்களா, இல்லை புதிதாக ஒன்று திறந்து இதை மூடுகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. தினமும் ஒருவர் போன் செய்து "ஏன் மேடம் மூடுறீங்க" என்று கேட்கிறாரே தவிர, மூடவில்லை.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பாக்கி எதுவும் இல்லையென்றால் கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாண்டினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அதே ரிசர்வ் வங்கி விதிகளில் இருக்கிறது, இதை மெயிலில் ஒரு வரியாக எழுதினாலே பல இடங்களில் வேலை நடந்துவிடும். தபாலில் கடிதம் அனுப்புங்கள் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது, ஹெல்ப்லைன், மெயில், ஆப், இணையதளம் என்று பல வழிகளில் கேட்க வசதி இருக்க வேண்டும்.

"பாக்கி இல்லை" என்பதில்தான் இடிக்கும். அந்த ஆண்டுக் கட்டணமே பாக்கியாக நின்றால் ஏழு நாள் கணக்கு ஓடாது, அதைத்தான் காரணம் காட்டுவார்கள். கட்டணத்தை ரிவர்ஸ் செய்து மூடுகிறீர்களா என்று முதலில் கேளுங்கள், கட்டணம் வந்த கையோடு மூடக் கேட்டால் பலர் எடுத்துவிடுகிறார்கள். பாயின்டை மூடுவதற்கு முன் செலவழித்துவிடுங்கள். மாதாமாதம் இந்தக் கார்டில் தானாகக் கழிகிற ஓடிடி சந்தா, மொபைல் பில் எல்லாவற்றையும் வேறு கார்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதில் ஏதாவது ஒன்று புதுப் பாக்கியாக முளைக்கும். வரவாக ஏதாவது நின்றால் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூடியதற்கு எழுத்தில் உறுதி வாங்கி, ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் "மூடப்பட்டது" என்று வந்திருக்கிறதா பாருங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்தான்.

புகார் கொடுத்து முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அவர்களுடைய இணையதளத்திலேயே பதியலாம், காசு கிடையாது. விவரம் கேட்க 14448. வங்கிக்கு முதலில் புகார் கொடுத்ததற்கான நம்பர் இல்லாமல் அங்கே போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"உங்கள் கார்டின் ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று ரிட்டயர்டான என் அப்பாவுக்கு போன் வந்தது. நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். நிஜமாகவே வங்கியிலிருந்து அப்படிக் கூப்பிடுவார்களா?
- ஒரு வாசகி, காரைக்குடி

தள்ளுபடி செய்ய வங்கியாக உங்களைத் தேடி வராது, நாம் கெஞ்சினாலே யோசிக்கிற ஆட்கள். கார்டு நம்பர், பின்னாலிருக்கிற சிவிவி, ஓடிபி கேட்டாலோ, வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பி "இன்ஸ்டால் பண்ணுங்க" என்றாலோ திருட்டுத்தான். வங்கிகள் சேவைக்காகக் கூப்பிடுவதற்கென்றே 1600 என்று ஆரம்பிக்கும் நம்பர்களை ஒதுக்கியிருக்கிறார்கள், சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வந்தால் எடுத்தவுடனே சந்தேகப்படுங்கள். எந்த நம்பராக இருந்தாலும் போனை வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். அப்பா ஏற்கெனவே ஏதாவது சொல்லிவிட்டார் என்றால் உடனே ஆப்பில் கார்டைப் பிளாக் செய்துவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் செய்யுங்கள். அப்புறம், அவர் கார்டின் கட்டணத்தை நிஜமாகவே தள்ளுபடி கேட்க வேண்டுமென்றால், போனை ஸ்பீக்கரில் போட்டு அவரையே பேச வையுங்கள். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவார்கள்.